செவ்வாய்க்கிழமை பிறந்தவர் எரிக்க வேண்டும்

என் தங்கை மரியபுஷ்பத்தின் புருஷன் பிலிப், பர்மியத் தேசியக் கொடியை எரித்த குற்றத்துக்காக இன்செயின் சிறையில் கிடந்தான். அவன் உள்ளே போய் இரண்டரை வருடம் ஆனபோது, அதே கொடியை எரிக்கச் சொல்லி எனக்கு அரசாங்க உத்தரவு வந்தது. கேட்பவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிக்கத்தான் பார்த்தேன். வாய் கோணிக்கொண்டதே தவிர சிரிப்பு வரவில்லை.

பசுந்தாங் பேட்டையில் ஓடைப் பக்கமாக ஒரு சின்ன அரசு அலுவலகம். அதில் நான் தலைமை குமாஸ்தா. மிஷன் பள்ளியில் படித்த எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக எல்லோரும் குமாஸ்தாக்கள்தான். குனிந்து எழுதி எழுதி, பிறக்கும்போதே குனிந்து பிறக்கிறோம் என்று பிலிப் கிண்டல் செய்வான். அவனை அங்கே காவலாளியாகச் சேர்த்துவிட்டதும் நான்தான்.

2008 மே மாதம் நர்கிஸ் புயல் ஊரைப் புரட்டிப்போட்டது. மூன்றாம் நாள், விழுந்து கிடந்த மரங்களைத் தாண்டித் தாண்டி அலுவலகம் போய்ச் சேர்ந்தேன். கூரைத் தகரம் பறந்திருந்தது. கொடிக்கம்பம் முறிந்து, கொடி சாக்கடையில் கிடந்ததாம். பிலிப் அதை எடுத்து அலசியிருக்கிறான். அலசியும் நாற்றம் போகவில்லை, துணி நார் நாராகக் கிழிந்திருந்தது.

பிலிப் எங்கள் கோயிலில் உபதேசியாருக்குக் கூடமாட ஒத்தாசை செய்பவன். மந்திரித்த பொருள் எதையும் நாங்கள் குப்பையில் போடமாட்டோம். கிழிந்த பூசை உடுப்பு, உடைந்த செபமாலை, போன வருடத்துக் குருத்தோலை எல்லாவற்றையும் எரித்து, சாம்பலைக் கால் படாத இடத்தில் சேர்ப்போம். வருடாவருடம் அதைச் செய்தவன் பிலிப். கொடியும் புனிதம் என்றுதானே பள்ளிக்கூடத்தில் அடித்து அடித்துச் சொல்லிக்கொடுத்தார்கள்? அவன் நம்பிவிட்டான். அலுவலகத்துக்குப் பின்னால் நாலு செங்கல் கூட்டி, தொப்பியைக் கழற்றி வைத்து, சிலுவை போட்டுவிட்டுத் தீ வைத்தான். பக்கத்தில் நின்ற நானும் பழக்க தோஷத்தில் சிலுவை போட்டேன். சாம்பலை மாமரத்தடியில் புதைத்தான்.

எதிர் மாடியிலிருந்து யாரோ பார்த்திருக்கிறார்கள். அரசியல் சட்ட வாக்கெடுப்பு நெருங்கிக்கொண்டிருந்த நேரம், புல் அசைந்தாலும் பிடித்துக்கொண்டு போனார்கள். நாலாம் நாள் பிலிப்பைக் கூட்டிப்போனார்கள். என்னைச் சாட்சியாக்கினார்கள்.

"எரித்ததைப் பார்த்தீர்களா?"

"பார்த்தேன்."

"எரிப்பதற்கு முன்னால் என்ன செய்தான்?"

தொப்பியைக் கழற்றினான், சிலுவை போட்டான், நானும் போட்டேன். இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. என் வாயில் கொழுக்கட்டையா இருந்தது? "வேறு எதையும் கவனிக்கவில்லை, ஐயா" என்றேன்.

பிலிப் என்னைத் திரும்பிப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. நான் மறந்துதான் போய்விட்டேன் என்று நினைத்தவன் மாதிரி, எடுத்துக்கொடுக்கும் முகத்தோடு பார்த்தான். பிறகு நீதிபதியிடம் அவனே பேசினான். மூன்று நாள் சாக்கடையில் கிடந்தபோது இந்தக் கொடியைத் தேடி ஒருவரும் வரவில்லை, மரியாதையோடு எரித்தவனைத் தேடி இத்தனை பேர் வந்திருக்கிறீர்களே என்றான். கொடியை அவமதித்ததற்கு மூன்று வருடம், இப்படிப் பேசியதற்கு இரண்டு வருடம் என்று தீர்ப்பானது.

அதற்குப் பிறகுதான் 2010 அக்டோபர். நாட்டுக்குப் புதுக் கொடி வந்துவிட்டது. பழைய கொடியைச் செவ்வாய்க்கிழமை பிறந்தவர் இறக்க வேண்டும், புதியதைப் புதன்கிழமை பிறந்தவர் ஏற்ற வேண்டும், பழையதை எரித்துவிட வேண்டும் என்று மேலிடத்திலிருந்து சொல்லிவிட்டார்கள். இந்த ஊரில் பிறந்த கிழமை தெரியாத ஆள் கிடையாது. பெயர் வைப்பதிலிருந்து பெண் பார்ப்பதுவரை கிழமைதான். எங்கள் அலுவலகத்தில் செவ்வாய்க்கிழமைக்காரன் நான் ஒருத்தன்தான்.

"ஊ ஜெரால்ட், நீங்கதான் இறக்கணும். எரிக்கிறதையும் நீங்களே செஞ்சிருங்க" என்றார் எங்கள் அதிகாரி ஊ சோ மின். மரியாதைக்கு இங்கே பெயருக்கு முன்னால் 'ஊ' சேர்ப்பார்கள். அவர் கெட்டவர் இல்லை. பிலிப்பின் பெயரை அவர் அன்றைக்கு நினைக்கக்கூட இல்லை.

மத்தியானம் மூன்று மணி. நான் இறக்கினேன். தட்டச்சுப் பெண் ஒருத்தி புதியதை ஏற்றினாள். பழையதைப் பின்பக்கம் கொண்டுபோய், ஒரு தகர டின்னில் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினேன். யாரும் தொப்பி கழற்றவில்லை. ஒருவர் கைபேசியில் பேசிக்கொண்டே நின்றார். கூட்டுகிறவள் வந்து சாம்பலைச் சாக்கடையில் தள்ளினாள். "உரிய முறைப்படி எரிக்கப்பட்டது" என்று நானே தட்டச்சு செய்து, நானே கையெழுத்துப் போட்டேன்.

சாயங்காலமே மரியபுஷ்பம் வந்துவிட்டாள்.

"அண்ணே, நீங்களும் எரிச்சிட்டீங்கல்ல?"

"உத்தரவு, புஷ்பம்."

"உங்கள நான் குத்தஞ் சொல்ல வரல. ஜுல்ஃபிகர் வக்கீல்கிட்ட கேட்டேன். கவர்மெண்டே எரிச்ச பொறவு, சாட்சி சொன்னவரு 'அவன் மரியாதையாத்தான் எரிச்சான்'னு எழுதிக் கொடுத்தா, மேல மனுப் போடலாங்கிறாரு. எங்க வீட்டுக்காரருக்கு ஒடம்பு சரியில்லண்ணே. ரத்தமா இருமுறாரு. போன மாசம் நான் கொண்டுபோன சோத்துப் பொட்டலத்தத் திருப்பி அனுப்பிட்டாரு. எனக்கு எதுக்கு, நீ தின்னுங்கிறாரு. இன்னும் ரெண்டரை வருசம் தாங்கமாட்டாருண்ணே."

"எழுதிக் கொடுக்கிறேன்" என்றேன். சத்தியமாக மனசார சொன்னேன். அன்றைக்கு அவளுக்கு நானே தேநீர் போட்டுக் கொடுத்தேன். இரண்டரை வருடத்துக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து இருவரும் வக்கீல் வீட்டுக்குப் போனோம். தாளைத் தயாராக வைத்திருந்தார். படித்தேன். ஒவ்வொரு வரியும் உண்மை. பேனாவையும் எடுத்துவிட்டேன்.

ஜுல்ஃபிகர் நேர்மையான ஆள். அதுதான் வினையாயிற்று. "ஊ ஜெரால்ட், ஒண்ணு சொல்லிர்றேன். அப்ப ஏன் மறைச்சீங்கன்னு உங்களக் கேப்பாங்க. பொய்ச் சாட்சின்னு உங்க மேலயே கேஸ் திரும்பலாம். திரும்பாமலும் போகலாம். என்னால உறுதி சொல்ல முடியாது."

என் மகள் ஏஞ்சலாவுக்கு மலேசியாவில் வேலை கிடைத்திருந்தது. பாஸ்போர்ட் விசாரணைக் காகிதம் எங்கள் அலுவலகத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். எனக்கு ஓய்வு பெற இன்னும் பதினான்கு மாதம். இதையெல்லாம் நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் காரணம் என்றாவது இருந்திருக்கும். "கொஞ்சம் யோசிச்சுக்கிறேன்" என்று பேனாவை மூடி மேசையில் வைத்தேன்.

மரியபுஷ்பம் அழுவாள், கத்துவாள், காலில் விழுவாள் என்று எதிர்பார்த்தேன். அதற்கெல்லாம் பதிலும் தயாராக வைத்திருந்தேன். அவள் தாளை எடுத்து, மடக்கி, பைக்குள் வைத்துக்கொண்டாள். பஸ்ஸில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். எனக்கும் சேர்த்து அவளே டிக்கெட் எடுத்தாள். அதைவிடச் செருப்பால் அடித்திருக்கலாம்.

சிறையில் பார்க்க விடும் நாள் வந்தது. அவள் போய்விட்டு நேராக என் வீட்டுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எப்படி இருக்கான்?" என்றேன்.

"எலும்பும் தோலுமா இருக்காரு. கொடி மாத்தினது உள்ள தெரிஞ்சிருக்கு. நான் வாயத் தொறக்குமுன்ன அவரே, 'மச்சான் இப்பவாச்சும் சொல்லிருவாரு, பாரு'ன்னாரு."

நான் தரையைப் பார்த்தேன்.

"சொல்லிட்டாரு, கையெழுத்துப் போட்டாச்சு, மனு மேல போயிருக்குன்னுட்டேன்" என்றாள்.

"புஷ்பம்..."

"அழுதுட்டாருண்ணே. நான் அன்னிக்கே சொன்னேன்ல, மச்சான் நல்லவரு, பயத்துல மறந்துட்டாருன்னு அழுறாரு. சோத்துப் பொட்டலத்த வாங்கிக்கிட்டாரு. அடுத்த மாசம் கருவாடு கொண்டாரச் சொன்னாரு." முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். "இனி மாசாமாசம் மனுவப் பத்திக் கேப்பாரு. நான் எதாச்சும் சொல்லிக்கிறேன். நீங்க மட்டும் அவரப் பாக்கப் போயிராதீங்க. உங்க மூஞ்சியப் பாத்தா கண்டுபிடிச்சிருவாரு."

"சரி" என்றேன்.

அவள் படியிறங்கிப் போனாள். போக வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.