மாடியில் காய்ந்த மண்

வேல்விழி கம்பம் பள்ளத்தாக்கில் நான்கு வருடமாகத் தேடிய மண், கடைசியில் சீனிச்சாமியின் தோட்டத்தில் புதிதாக வெட்டிய பண்ணைக்குட்டையில் அகப்பட்டது. செம்மண்ணுக்கு நடுவே ஒரு முழ உயரத்துக்கு வெளிறிய, மாவுபோன்ற மண். ஆறு கொண்டுவந்ததாக இருந்தால் ஒரு கூழாங்கல்லாவது கிடந்திருக்கும். இது காற்று கொண்டுவந்து கொட்டியது. அப்படியென்றால் இந்தப் பச்சைப் பள்ளத்தாக்கிலும் ஒரு காலத்தில் மழை பொய்த்து, புல்கூட முளைக்காமல், வெறும் புழுதி பறந்திருக்கிறது. எப்போது என்பதுதான் தெரியவில்லை.

தெரிந்துகொள்ள வழி இருந்தது. கடைசியாக வெயில் பட்டு எத்தனை காலம் ஆயிற்று என்பதை மண்துகள் தனக்குள் வைத்திருக்கும். வெளிச்சம் படாமல் ஆய்வகம் சேர்த்தால் சொல்லிவிடும். நடுவில் வெயில் பட்டால் எல்லாம் போச்சு. கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு, குட்டையின் சுவரில் இரும்புக் குழாயை அடித்து ஏற்றி, மண்ணோடு உருவி, இரு முனையையும் மூடி டேப் சுற்றினாள். மறுநாளே குட்டையில் பிளாஸ்டிக் ஷீட் விரித்துத் தண்ணீர் விடுவதாகச் சீனிச்சாமி சொல்லிவிட்டார். கிடைத்தது இந்த ஒரு குழாய்தான்.

அன்றைக்கென்று பார்த்து அவள் பாடம் நடத்தும் கல்லூரியிலிருந்து போன். மதுரையில் இரண்டு நாள் விடைத்தாள் திருத்த வேண்டும்.

பழனிசெட்டிபட்டியில் அவள் குடியிருந்த மாடிக்குக் கீழேதான் வீட்டுக்காரி சங்கிலியம்மாள். தண்ணீர் மோட்டாரைப் பற்றித் தவிர மூன்று வருடத்தில் இருவரும் வேறெதுவும் பேசியதில்லை. வேல்விழியைப்போலத் தனியாகவே இருந்தால் பேச்சுகூட மறந்துதான் போகும்.

"கூரியர் வந்தா இந்தக் குழாயக் குடுத்துருங்கக்கா. பத்திரம்."

அதோடு பஸ் ஏறிவிட்டாள். வெயில் படக்கூடாது என்று இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்கலாம், மகராசி.

மூன்றாம் நாள் மத்தியானம் திரும்பியபோது சங்கிலியம்மாள் கேட்டிலேயே நின்றாள்.

"கூரியர்காரன் வரவே இல்ல டீச்சர். குழாயில ஈரம் கசிஞ்சுச்சு. பூசணம் பூத்துருமேன்னு பதறிப்போயிட்டேன். மேல வந்து பாருங்க."

மொட்டைமாடியில் வெள்ளை வேட்டியில், மிளகு காயப்போடுவதுபோல அந்த மண் பரப்பிக் கிடந்தது. கட்டிகளையெல்லாம் கையாலேயே உடைத்து, வேட்டியின் நான்கு முனையிலும் கல் வைத்திருந்தாள்.

"இங்கன அடிக்கிற ஆடிக் காத்து சும்மா விடுமா? தூக்கிட்டுப் போயிரும்னு நேத்துப் பூரா பக்கத்துலயே உக்காந்திருந்தேன்."

ஆயிரக்கணக்கான வருடம் இருட்டில் கிடந்த மண், இனி யார் கேட்டாலும் நேற்று என்றுதான் சொல்லும். குட்டையில் இந்நேரம் தண்ணீர் ஏறியிருக்கும். வேல்விழிக்குக் கத்த வேண்டும்போல ஆத்திரமாக வந்தது.

சங்கிலியம்மாளின் முகம் வெயிலில் கன்றிப்போயிருந்தது.

"நல்லாக் காஞ்சிருச்சுல்ல டீச்சர்?"

"நல்லாக் காஞ்சிருச்சுக்கா."

"சாப்பிட்டீகளா?"

இதை யாரும் தன்னிடம் கேட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்று வேல்விழி யோசித்துப் பார்த்தாள். நினைவில்லை. வேட்டியின் ஓரத்தில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள்.