காற்றை யார் தள்ளுவது

அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பயிற்சிப் பள்ளியின் சின்னக் காரில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, அடுத்தவர்கள் செய்யும் தப்புகளுக்குத் தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை மிதித்துக்கொண்டிருப்பது அவள் வேலை. கத்த மாட்டாள். "பரவால்ல, மறுபடி பாருங்க" என்பதுதான் அவளுடைய அதிகபட்சக் கோபம். அதே பெண்தான் விடுமுறை நாட்களில் தோல் உடுப்பை மாட்டிக்கொண்டு ஆயிரம் சிசி மோட்டார் சைக்கிளில் மலைப்பாதைப் பந்தயம் ஓட்டுகிறாள் என்று சொன்னால், அவளிடம் படித்து லைசென்ஸ் வாங்கியவர்கள் நம்ப மாட்டார்கள்.

அந்தப் பந்தயத்தில் பக்கத்தில் போட்டிக்கு யாரும் ஓட மாட்டார்கள். மலைப்பாதையில் போக்குவரத்தை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு வண்டியாக அடிவாரத்திலிருந்து விடுவார்கள். ஆளுக்கு இரண்டு ஓட்டம். இரண்டு நேரத்தையும் கூட்டிப் பார்த்து, யார் சீக்கிரம் உச்சியைத் தொட்டாரோ அவருக்குக் கோப்பை. அவள் தொடர்ந்து இரண்டாவதாகவே வந்துகொண்டிருந்தாள். முதலாவது ஒரு பல் டாக்டர்.

"வளைவுல நீ அவர விட நல்லாத்தான் போற," என்றான் அவள் கணவன். "நேர் ரோட்டுலதான் கோட்ட விட்டுடுற. எஞ்சினுக்குத் தெம்பு பத்தல."

கணவன் வெல்டர். வண்டிகளுக்கு சைலன்சர் குழாய் செய்து கொடுப்பவன். அவளுடைய தம்பி லேத் பட்டறைக்காரன். இரும்பைக் கடைந்து எந்த உருளையையும் முடி அளவு பிசகாமல் செய்துவிடுவான். இருவரும் ஒரே கொட்டகையைச் சேர்ந்து வாடகைக்கு எடுத்து, ஆளுக்குப் பாதியாக வைத்திருந்தார்கள். ஒரு பக்கம் வெல்டிங் பொறி பறக்கும், இன்னொரு பக்கம் லேத் சுற்றும். நடுவில் அவளுடைய மோட்டார் சைக்கிள் நிற்கும். அந்த வண்டியை வைத்துத்தான் மச்சானும் மாப்பிள்ளையும் சண்டை போட்டார்கள்.

எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளினால் பெட்ரோலும் கூடுதலாக எரியும், பலமும் கூடும். அதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. காற்றை எதை வைத்துத் தள்ளுவது என்பதில்தான் தகராறு.

"டர்போதான்," என்றான் கணவன். "வெளிய வீணாப் போற புகைய வச்சு ஒரு விசிறியச் சுத்த விடுறேன். அதே தண்டுல மறுபக்கம் இருக்குற விசிறி காத்த உள்ள தள்ளும். எஞ்சின்கிட்ட நான் எதுவும் கேக்கல பாரு."

"புகை சேர்ந்து விசிறி சுத்துற வரைக்கும் அக்கா நடுரோட்டுல காத்துக்கிட்டு இருக்கணுமா?" என்றான் தம்பி. "சூப்பர்சார்ஜர் போடுவோம் மச்சான். எஞ்சின்லேந்தே ஒரு பெல்ட். எஞ்சின் சுத்துனா அதுவும் சுத்தும். கையத் திருகுன உடனே காத்து."

"அந்த பெல்ட்ட இழுக்கவே எஞ்சின் பாதி பலத்தச் செலவு பண்ணும்."

"பாதியெல்லாம் இல்ல. சும்மா அடிச்சு விடாதீங்க."

புகைக்குழாயோடு குடும்பம் நடத்துகிறவனுக்கு டர்போ பிடித்ததும், உருளை கடைகிறவனுக்கு பெல்ட் பிடித்ததும் ஆச்சரியமில்லை. பட்டறையில் தொடங்கும் பேச்சு வீட்டுச் சாப்பாட்டு மேசை வரை வந்தது. நாளெல்லாம் கிளட்சை விடத் தெரியாதவர்களோடு மல்லுக்கட்டிவிட்டு வந்தவள், ஒருநாள் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்.

"எதையாவது ஒண்ணப் போட்டுத் தொலைங்க. சாப்பிடும்போது மட்டும் வேண்டாம்."

அதைக் கணவன் சம்மதமாக எடுத்துக்கொண்டான்.

ஒரு காரிலிருந்து கழற்றிய சின்ன டர்போ ஒன்றைத் தேடிப் பிடித்தான். அதற்காக அவன் வளைத்து ஒட்டிய குழாய்களைப் பார்க்கப் பக்கத்துக் கடைக்காரர்கள் வந்து போனார்கள். வெல்டிங் தழும்பு கோலி அடுக்கியதுபோல வரிசையாக இருந்தது. பின்சக்கரத்தை உருளைமேல் ஓடவிட்டு எஞ்சினின் பலத்தை அளக்கும் டைனோ கடைக்கு வண்டியைக் கொண்டுபோனான். டைனோக்காரர் புருவத்தை உயர்த்தித் தலையாட்டினார். பழைய பலத்தைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. அச்சிட்டுக் கொடுத்த வரைபடத்தைக் கணவன் வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டிவைத்தான்.

தம்பி அதைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தான். கோடு பாதி தூரம் தரையோடு படுத்துக் கிடந்து, பிறகு செங்குத்தாக எழுந்திருந்தது.

"இது ஏறுற மாதிரி இல்ல மச்சான். சுவர் மாதிரி இருக்கு."

"வயித்தெரிச்சல்," என்றான் கணவன். சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

பயிற்சி ஓட்டத்தன்று கணவன் மூன்றாவது கொண்டைஊசி வளைவில் நின்றிருந்தான். பாதை சட்டென்று தன்மீதே திரும்பிக்கொள்ளும் இடம் அது. அங்கிருந்து வண்டி வெளியேறும் வேகத்தைப் பார்க்க ஆசைப்பட்டு நின்றான். அவள் வழக்கம்போலவே வந்தாள். வண்டியைச் சாய்த்தாள், முழங்கால் தரையை உரசியது, திரும்பியதும் ஆக்சிலரேட்டரைத் திருகினாள். ஒன்றும் வரவில்லை. இன்னும் கொஞ்சம் திருகினாள். அப்போதும் இல்லை. இன்னும் திருகினாள். டர்போ விழித்துக்கொண்டு, அவள் அதுவரை கேட்டதையெல்லாம் மொத்தமாகச் சேர்த்துக் கொடுத்தது. வண்டி இன்னும் சாய்ந்தே இருந்தது. பின்சக்கரம் பக்கவாட்டில் ஓடியது. அவள் தோள்பட்டை அடிபட விழுந்து உருண்டாள். வண்டி தனியாகச் சறுக்கிக்கொண்டு போய் வைக்கோல் கட்டுகளில் மோதி நின்றது.

கணவன்தான் முதலில் ஓடிவந்தான். ஹெல்மெட்டைக் கழற்ற விடாமல் அவள் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"வண்டிக்கு ஒண்ணும் ஆகலயே?" என்று கேட்டாள்.

"வண்டி கெடக்கட்டும். பேசாம படு."

காறை எலும்பு முறிந்திருந்தது. அறுவை சிகிச்சை வேண்டாம், கைக்குத் தொட்டில் கட்டிப் போட்டால் தானாகவே கூடிவிடும் என்றார் டாக்டர். கணவன் மருத்துவமனை நடைபாதையில் அவளுடைய கிழிந்த தோல் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அப்போது தம்பி வந்தான். வந்தவன் அக்காவுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கலாம். சும்மாவாவது நின்றிருக்கலாம்.

"நான் அப்பவே சொன்னேன்ல," என்றான்.

கணவன் எழுந்து நடைபாதையின் மறுகோடிக்குப் போய் உட்கார்ந்தான். மறுநாள் கொட்டகையின் நடுவில் ஒரு தார்ப்பாயைக் குறுக்கே கட்டினான்.

அதன்பிறகு மச்சானும் மாப்பிள்ளையும் பேசிக்கொள்ளவில்லை. டிரில்லிங் மெஷின் யாரிடம் இருக்கிறது, வாடகை வாங்கக் கொட்டகைக்காரர் எப்போது வருகிறார் என்பதெல்லாம் ஒற்றைக் கையோடு வீட்டில் இருந்த அவள் வழியாகவே போய் வந்தது. வெளியே பார்க்க இருவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். ஆனால் கணவன் சரியாகச் சாப்பிடவில்லை. ஃபிரிட்ஜில் இருந்த வரைபடத்தைக் கிழித்துவிட்டிருந்தான். படுக்கையில் அவள் புரண்டு வலியில் முனகினால், இவன் எழுந்து போய்க் கூடத்தில் உட்கார்ந்துகொண்டான்.

ஒரு பிற்பகல் அவள் பஸ் பிடித்துப் பட்டறைக்குப் போனாள். உள்ளே கிரைண்டர் அலறிக்கொண்டிருந்தது. கணவன் தான் செய்த குழாய்களை ஒவ்வொன்றாக அறுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் நிறுத்தினான்.

"என்ன பண்றீங்க?"

"பாத்தா தெரியல? தூக்கிப் போடப் போறேன். இதுக்கு அப்புறம் வண்டியவும் வித்துடலாம்."

"யாரு வண்டிய?"

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

அவள் தார்ப்பாயை நல்ல கையால் விலக்கினாள். "டேய், இங்க வா. லேத்த நிறுத்திட்டு வா."

தம்பி கையைத் துடைத்தபடி வந்து நின்றான். அவள் வெல்டிங் மேசையின் ஓரத்தில் சாய்ந்துகொண்டு, கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் பேசுகிற அதே குரலில் பேசினாள்.

"ரெண்டு பேரும் எஞ்சினுக்கு என்ன வேணும்னு மாசக்கணக்கா பேசுனீங்க. ஓட்டுறவளுக்கு என்ன வேணும்னு கேக்கல. நானும் சொல்லல. வாய மூடிக்கிட்டு சாப்பிடுங்கன்னுதான் சொன்னேன். இப்ப சொல்றேன், கேளுங்க. வண்டியச் சாய்ச்சு வளைவுலேந்து வெளிய வரும்போது, நான் எவ்ளோ திருகுறேனோ அவ்ளோதான் வரணும். அப்பவே வரணும். கூடவும் வேண்டாம், கொறையவும் வேண்டாம். மொத்த பலம் கொஞ்சம் கம்மியா இருந்தா நான் சமாளிச்சுக்குவேன். எப்ப வரும்னு தெரியாம காத்திருக்க என்னால முடியாது."

தம்பியின் முகம் மலர்ந்தது.

"நீ சிரிக்காத," என்றாள் அவள். "ஆஸ்பத்திரில பேசுன பேச்சுக்கு உனக்கு ஒரு அறை இருக்கு. கை சரியாகட்டும்." பிறகு கணவனைப் பார்த்தாள். "நீங்க பாட்டுக்கு எல்லாத்தையும் தலைமேல போட்டுக்காதீங்க. காத்து வரலன்னு தெரிஞ்சும் விடாம திருகுனது என் கை. நேர் ரோட்டுல ஓட்டிப் பழகாம வளைவுக்குக் கொண்டுபோனதும் நான்தான்."

கணவன் வண்டியைச் சுற்றிக்கொண்டு போய், அறுபட்ட குழாய்களைப் பொறுக்கி ஒரு மூலையில் வைத்தான். விற்கும் பேச்சை அதன்பிறகு எடுக்கவில்லை. தார்ப்பாயை மட்டும் அவிழ்க்கவில்லை.

தம்பி வேலையில் இறங்கினான். சின்னதாக ஒரு சூப்பர்சார்ஜர் கிடைத்தது. அதைத் தாங்கும் சட்டம், பெல்ட் ஓடும் புல்லிகள் எல்லாம் அவனே கடைந்தான். இரண்டு புல்லிகளும் ஒரே நேர்க்கோட்டில் நிற்காவிட்டால் பெல்ட் தேய்ந்து அறுந்துவிடும் என்பதால், பொருத்துவதும் கழற்றுவதுமாக இருந்தான். டைனோவில் ஏற்றியபோது பலம் அடிமட்டத்திலிருந்தே சீராக ஏறியது. அவனுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷம் நீடிக்கவில்லை. இரண்டாவது முறை ஓட்டியதும் எஞ்சினுக்குள் யாரோ சுத்தியலால் தட்டுவதுபோலச் சத்தம் கேட்டது. டைனோக்காரர் உடனே அணைத்துவிட்டார்.

"அழுத்துனா காத்து சூடாகும் தம்பி. இவ்ளோ சூடா உள்ள போனா பெட்ரோல் நேரத்துக்கு முன்னாடியே வெடிக்குது. இப்படியே ஓட்டுனா பிஸ்டன் ஓட்டையாயிடும். குளிர வைக்காம இங்க கொண்டுவராத."

காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் கடையில் கிடைக்கும். ஆனால் இந்த வண்டியில் பெல்ட்டுக்கும் டேங்குக்கும் நடுவில் மிஞ்சிய இடுக்கில் எதுவும் நுழையவில்லை. மெல்லிய அலுமினியத்தில் கோணல்மாணலாக ஒரு பெட்டியை ஒட்டித்தான் செய்ய வேண்டும். தம்பி முயன்று பார்த்தான். தகடு உருகி ஓட்டை ஓட்டையாக விழுந்தது. அந்த வேலை தெரிந்த ஆள் தார்ப்பாய்க்கு அந்தப் பக்கம்தான் இருந்தான்.

ஒரு நாள் முழுக்கத் தள்ளிப்போட்டுவிட்டு, தார்ப்பாயின் ஓரத்தில் வந்து நின்றான்.

"மச்சான்."

கணவன் குனிந்தபடியே ஒரு குழாயைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"காத்து சூடாகுது மச்சான். ஒரு பெட்டி ஒட்டணும். எனக்கு அலுமினியம் வரல."

தேய்ப்பது நிற்கவில்லை. தம்பி அங்கேயே நின்றான்.

"அன்னிக்கு ஆஸ்பத்திரில நான்..."

"எடம் எவ்ளோ இருக்கு?"

"ம்?"

"பெட்டிக்கு எடம் எவ்ளோ இருக்குன்னு கேட்டேன். அளவச் சொல்லு."

இருவரும் வண்டிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து அட்டையை வெட்டி வைத்துப் பார்த்தார்கள். தகடு நீளமாக இருந்ததால் தார்ப்பாய் இடித்தது. கணவன் எழுந்து கயிற்றை அவிழ்த்தான். பெட்டி முடிந்தபோது அது பார்க்கச் சப்பிப்போன தகர டப்பா மாதிரி இருந்தது. ஆனால் டைனோவில் அந்தத் தட்டல் சத்தம் வரவில்லை. பலம் டர்போ காட்டியதைவிடக் குறைவுதான். கணவன் எண்ணைப் பார்த்தான். வரைபடத்தின் கோட்டை மட்டும் விரலால் அடியிலிருந்து நுனி வரை தடவிப் பார்த்தான்.

எலும்பு கூடி, டாக்டர் சரி என்ற பிறகு அவள் ஓட்டிப் பழகினாள். இந்த முறை காலி மைதானத்தில் தொடங்கினாள். பெரிய வட்டமாகப் போய், பிறகு வட்டத்தைச் சின்னதாக்கிக்கொண்டே வந்தாள். மலைக்கு வண்டியைக் கடைசியில்தான் ஏற்றினாள்.

பந்தயத்தன்று கணவன் மறுபடி மூன்றாவது வளைவுக்கே போனான். வேண்டாம் என்று தம்பி சொல்லியும் கேட்கவில்லை. கீழே எஞ்சின் சத்தம் கேட்டது, ஒவ்வொரு வளைவிலும் இறங்கி ஏறியது. அவள் வந்தாள். போன முறையைவிடக் கொஞ்சம் நிதானமாகத்தான் உள்ளே நுழைந்தாள். சாய்ந்தாள். கையைத் திருகினாள். பெல்ட்டின் சீழ்க்கை கையோடு சேர்ந்தே எழுந்தது. பின்சக்கரம் தரையை விடாமல் பிடித்துக்கொண்டு வண்டியை மேலே தள்ளியது. சத்தம் தேய்ந்து மறைந்த பிறகு அவன் புல்லில் உட்கார்ந்துவிட்டான். அருகே கொடியோடு நின்றவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

முதல் ஓட்டத்தில் அவள்தான் எல்லாரையும்விட வேகம். இரண்டாவதுக்கு முன்னால் வரிசையில் வெகுநேரம் வெயிலில் நிற்க வேண்டியிருந்தது. பெட்டி சூடேறிப்போய், மேலே போகப் போக எஞ்சின் சோர்ந்தது. இரண்டையும் கூட்டிப் பார்த்தபோது மறுபடி பல் டாக்டர் முதல், அவள் இரண்டாவது. இடைவெளி மட்டும் முன்பைவிட மிகவும் சுருங்கியிருந்தது.

பல் டாக்டர் வந்து வண்டியைக் குனிந்து பார்த்தார். "விசில் சத்தம் கேட்டுச்சே. இதுல என்ன போட்டிருக்கீங்க?"

தம்பி விளக்கமாகச் சொன்னான். கேட்டுவிட்டு அவர் தலையசைத்தார்.

"நீங்க என்ன போட்டிருக்கீங்க?" என்றான் கணவன்.

"நானா? ஒண்ணும் இல்லீங்க. டயர் மட்டும் புதுசு."

அவர் போகும்வரை இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டார்கள். அவள் பக்கத்துச் சுவரில் சாய்ந்துகொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

தம்பி வேனைப் பின்னால் எடுத்து வரப் போனான். அவள் தோள்பட்டையை மெதுவாகச் சுழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வலிக்குதா?" என்றான் கணவன்.

"கொஞ்சம்."

"பயமா இருந்துச்சா?"

"அந்த வளைவு வர்ற வரைக்கும் இருந்துச்சு. அதுக்கப்புறம் இல்ல."

"எனக்கு இன்னும் இருக்கு."

அவள் அவனைப் பார்த்தாள். அவன் கையைப் பிடித்து வண்டியின் கைப்பிடிமேல் வைத்தாள்.

"இருக்கட்டும்," என்றாள். "பிடிங்க, வேன்ல ஏத்துவோம்."