ஒன்றரை அடிக் குழாய்

லாரிக்காகக் காத்திருந்தார்கள். ஓடைக்குக் குறுக்கே போகும் காலனிப் பாதையை ஜேசிபி வெட்டிப் போட்டிருந்தது. பள்ளத்தில் ஊறிய தண்ணீரைச் சித்தாள்கள் சட்டியில் மொண்டு கரைக்கு மேல் வீசினார்கள். முழங்கால் வரை சேறு அப்பியிருந்தது. அவர்களில் ஒருத்தி முத்தம்மாள். கரைமேல் மஞ்சள் தலைக்கவசத்தோடு, கையில் அளவு டேப்புடன் நின்ற சைட் சூப்பர்வைசர் அவளுடைய மகள் சிந்துஜா.

கொளத்துநத்தம் குறிஞ்சிப்பாடிக்குக் கிழக்கே உள்ள ஊர். காலனி ஓடைக்கு அந்தப் பக்கம், தாழ்வில் இருந்தது. பழைய பாலம் ஒரு புயல் மழையில் அடித்துக்கொண்டு போன பிறகு ஆட்டோவோ ஆம்புலன்சோ தெருவுக்குள் வந்ததில்லை. சிந்துஜாவின் அப்பா அய்யனாருக்கு நெஞ்சு வலித்த அன்று, அவரைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் ஓடையைக் கடந்தார்கள். அக்கரையில் ஆம்புலன்ஸ் கதவு திறந்தே இருந்தது. ஏற்றும்போது உயிர் இல்லை.

சிதம்பரத்தில் விடுதியில் தங்கி சிவில் டிப்ளமோ படித்தவள் சிந்துஜா. காண்ட்ராக்டர் ஞானசேகரனிடம் வேலைக்குச் சேர்ந்த பிறகு சாக்கடை, சுற்றுச்சுவர், சமையல் கூடம் என்று ஊர் ஊராக நின்று வேலை வாங்கியிருக்கிறாள். தன் தெருவுக்கே குழாய்ப் பாலம் வந்திருப்பதை வரைபடத்தில் பார்த்த அன்று, அதை போனில் படம் எடுத்துக்கொண்டு வந்து அம்மாவிடம் காட்டினாள். மூன்றடிக் குழாய்கள், இரண்டு வரிசை. முத்தம்மாளுக்குக் கோடுகள் புரியவில்லை. ஆனாலும் போனை வாங்கிக் கிட்டத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

லாரி வந்து நின்றதும் சிந்துஜா டேப்பைச் சுருட்டிக்கொண்டு ஓடினாள். பின்கதவைத் திறந்ததும் அவள் அளந்து பார்க்க வேண்டியிருக்கவில்லை. ஒன்றரை அடிக் குழாய்கள். அதுவும் ஒரு வரிசைக்குத்தான் காணும். பெரிய குழாய்கள் எங்கே என்று டிரைவரைக் கேட்டாள். நகரில் இறக்கியாகிவிட்டது என்றான் அவன்.

நகர் என்று அவன் சொன்னது இதே ஓடையில் மேற்கே, தண்ணீர் வரும் பக்கம், ஞானசேகரனின் மச்சான் போட்டிருந்த மனைகள். நெல் விளைந்த நிலத்தைச் செம்மண் கொட்டி மேடாக்கி, நுழைவு வளைவு கட்டி, கலர்க் கொடிகள் நட்டிருந்தார்கள். மனைகளுக்குள் போகும் ரோடும் ஓடையைத் தாண்டித்தான் போக வேண்டும். அங்கே அந்தப் பெரிய குழாய்கள் இரண்டு வரிசையாக உட்கார்ந்துவிட்டன. மேலே அகலமாகத் திறந்துவிட்ட தண்ணீர் கீழே காலனிப் பாதையில் வந்து முட்டும். அது புரிய யாருக்கும் படிப்பு தேவையில்லை. பள்ளத்துக்குள் நின்ற பெண்களே மேற்கே ஒரு முறை, குழாயை ஒரு முறை திரும்பிப் பார்த்தார்கள்.

சிந்துஜா குழாய் இறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். சிறிது நேரத்தில் ஞானசேகரனின் கார் வந்தது. அவர் இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கினார்.

"இன்னாம்மா, வேலைய நிறுத்திட்டியாமே?"

"சார், டிராயிங்ல மூணடி, ரெண்டு வரிசை. இதுல கார்த்திகை தண்ணி போவாது சார். தெருவுக்குள்ளதான் ஏறும்."

"போவும். மெதுவாப் போவும்."

"அங்க போட்டத எடுத்தாந்து இங்க போடுங்க சார். அது கவர்மெண்ட் குழாய்."

அவர் கண்ணாடியை ஏற்றப் போய் நிறுத்தினார். "அங்க பெரிய ஆளுங்க எடம் பாக்க வராங்க, லாரி வருது. உங்க தெருவுக்கு இன்னா வருது? ஆடு வருது, சைக்கிள் வருது. பாலம் போடுறதே ஜாஸ்தி. நம்ம பொண்ணாச்சேன்னு வேல குடுத்தேன், நீ எனக்கே சட்டம் பேசுற."

பிறகு காரைவிட்டு இறங்கி, கரையில் கூடியிருந்த காலனி ஆட்களைப் பார்த்துப் பேசினார். இந்தக் குழாய் வேண்டாம் என்றால் இப்போதே சொல்லிவிடச் சொன்னார். பள்ளத்தை மூடிவிட்டு மிஷினை ஏற்றிக்கொண்டு போய்விடுவாராம். அடுத்த நிதி எந்த வருஷம் வரும் என்று அவருக்கே தெரியாதாம். சொல்லிவிட்டு வேட்டியில் பட்ட சேற்றைத் தட்டிக்கொண்டு போய்விட்டார்.

சிந்துஜா ஒன்றிய ஓவர்சியர் பழனிவேலைப் போனில் அழைத்தாள். அவர் வந்தார், குழாயைப் பார்த்தார், மேற்கே நகரின் வளைவையும் பார்த்தார். வண்டியின் இஞ்சினை அணைக்கவில்லை.

"எனக்குத் தெரியாம இல்லம்மா. நான் இத எழுதி அனுப்புனன்னா என்னிய வேற எங்கியாவது தூக்கி அடிச்சிடுவாங்க. எம் பொண்ணு இங்க பன்னெண்டாவது படிக்குது."

அவர் போனதும் தெருக்காரர்கள் சிந்துஜாவைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தர் கெஞ்சினார், ஒருத்தர் திட்டினார். வந்த பாலத்தை, படித்த திமிரில், திருப்பி அனுப்பப் போகிறாயா என்று கேட்டார்கள். அவள் பள்ளத்தைப் பார்த்தாள். முத்தம்மாள் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு அண்ணாந்து நின்றாள்.

"எறக்கச் சொல்லு பாப்பா. ஒங்கப்பாவ தூக்கிக்கினு போன மாதிரி இன்னொருத்தர தூக்கிக்கினு போவ முடியாது. ஒன்னு இருக்கட்டும். மத்தத அப்பறம் பாத்துக்கலாம்."

குழாய்களை இறக்கினார்கள். ஜேசிபியின் கையில் சங்கிலி மாட்டி ஒவ்வொன்றாகத் தொங்கவிட, கீழே நின்றவர்கள் இரு பக்கமும் பிடித்துத் திருப்பினார்கள். சிந்துஜா பள்ளத்தில் இறங்கி நின்றாள். மணல் பரப்பிய தரையைத் தண்ணீர் விட்டுக் கெட்டிக்கச் சொன்னாள். தண்ணீர் ஓடும் வாட்டம் சரியாக வரும் வரை ஒரு குழாயை மூன்று முறை தூக்கி வைக்கச் சொன்னாள். இணைப்புக்கு வளையம் போட்டுச் சுற்றிலும் சிமெண்டுக் கலவையைத் தன் கையாலேயே அழுத்திப் பூசினாள். கொத்தனார் கதிரவன் அவளுக்குச் சித்தப்பா முறை. இவ்வளவு ஒழுங்காக வைத்து என்ன ஆகப் போகிறது என்று கேட்டார்.

"நாளைக்கு நாந்தான் கோணலா வெச்சேன்னு சொல்லக் கூடாது இல்ல சித்தப்பா" என்றாள் அவள். கலவையை எடுத்துப் பூசிக்கொண்டே இருந்தாள்.

திறப்பு விழாவில் ரிப்பன் கட்டினார்கள், லட்டு கொடுத்தார்கள். முதல் ஆட்டோ தெருவுக்குள் வந்தபோது பிள்ளைகள் அதன் பின்னால் ஓடினார்கள். ஐப்பசி முழுக்க தூறலோடு போயிற்று. ஒன்றுமே நடக்கவில்லையே என்று சிந்துஜாவைச் சிலர் கேலி பேசினார்கள்.

கார்த்திகையில் வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகி மழை விடாமல் பிடித்துக்கொண்டது. இரண்டாம் நாள் காலையில் ஓடை செந்நிறமாகப் பெருகியது. நகரின் பெரிய குழாய்களில் தண்ணீர் தங்குதடையின்றிப் பாய்ந்து வந்தது. காலனிப் பாதையில் வந்து மோதி, அந்தச் சிறிய வாயில் நுழைய முடியாமல் சுழன்று, திரும்பி, தெருவைத் தேடி நடந்தது. மதியத்துக்குள் அடுப்புகள் முழுகின. ஆடுகளைக் கூரைமேல் ஏற்றினார்கள். தெருக்கோடியில் தனியாக இருந்த ஆரோக்கியம்மாள் வீட்டு மண்சுவர் ஊறிச் சரிந்து அவள் காலின் மேல் விழுந்தது. அவளைக் கதவுப் பலகையில் கிடத்தி, நீரில் மிதக்கவிட்டுத் தள்ளிக்கொண்டு வந்து பாதைமேட்டில் நின்ற ஆம்புலன்சில் ஏற்றினார்கள். முழங்காலுக்குக் கீழே அவள் கால் வேறு யாருடையதோ போல் மடங்கிக் கிடந்தது.

சிந்துஜா ஓவர்சியருக்குப் போன் செய்தாள். மணி அடித்து அடித்து நின்றது. ஞானசேகரன் எடுத்தார். ஜேசிபியை அனுப்பச் சொன்னாள். மிஷின் நகரில் வேலையாக இருக்கிறதாம். மழை விட்டால் தண்ணீர் தானாக வடிந்துவிடுமாம்.

அவள் போனை இடுப்பில் செருகினாள். பாதைமேட்டின் ஒரு பக்கம் தண்ணீர் விளிம்பு வரை நின்றது. மறு பக்கம், ஆள் உயரம் கீழே, குழாயின் வாயிலிருந்து ஒரு தாரை மட்டும் சீறிக்கொண்டிருந்தது.

"ஒடைக்கணும் சித்தப்பா. கடப்பாரைய எடுத்தாங்க."

கதிரவன் தயங்கினார். இது அரசாங்கப் பாலம், கேஸ் ஆகிவிடும் என்றார். அவர்களுக்கு நடுவில் புகுந்து முதலில் மண்வெட்டியைப் போட்டவள் முத்தம்மாள். இந்தப் பாலம் வேண்டும் என்று பள்ளத்தில் நின்று கேட்டவள் அவள்தான். தன் கையால் மண் சுமந்து கொட்டிய மேட்டையே வெட்டினாள். பிறகு எல்லோரும் இறங்கினார்கள். எந்த இடத்தில் வெட்டினால் சீக்கிரம் அறுக்கும் என்று சிந்துஜா காட்டினாள். ஒரு முழம் வெட்டியதும் மிச்சத்தைத் தண்ணீரே பார்த்துக்கொண்டது. பாதை நடுவில் பிளந்தது. அவள் பூசிய இணைப்புகள் கடைசி வரை விடவில்லை. இரண்டிரண்டாக ஒட்டியபடியே குழாய்கள் புரண்டு கீழே வயலில் போய் விழுந்தன.

சாயங்காலத்துக்குள் தெருவில் தரை தெரிந்தது. பாய்களையும் பாடப்புத்தகங்களையும் நனைந்த அரிசியையும் வெளியே எடுத்துப் போட்டார்கள்.

மழை விட்டதும் அதிகாரிகள் வந்தார்கள். சூப்பர்வைசர் குழாயைச் சரியாக வைக்காததால்தான் தண்ணீர் போகவில்லை, தன் தப்பை மறைக்க ஆட்களைக் கூட்டிப் பாலத்தை உடைத்துவிட்டாள் என்று ஞானசேகரன் சொன்னார். பழனிவேல் அவருக்குப் பின்னால் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். குழாயின் அளவைப் பற்றி அங்கே யாரும் பேசவில்லை. சிந்துஜா பேசினாள். வரைபடம் இருந்த போனை நீட்டினாள். மேற்கே கையை நீட்டி, நடந்து வந்து பாருங்கள், கூப்பிடு தூரம்தான் என்றாள். வந்தவர்களில் ஒருவர் தன் ஷூவைப் பார்த்தார். நகருக்குப் போகும் வழியெல்லாம் சேறாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

பொதுச் சொத்தைச் சேதப்படுத்தியதாக வழக்கு. அவளையும் கதிரவனையும் கூட்டிப் போனார்கள். ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் நாற்காலியில் சாய்ந்தபடி கேட்டார்.

"ஒடச்சியா, ஒடைக்கலியா? அத மட்டும் சொல்லு."

"ஒடச்சேன் சார். ஏன்னு கேளுங்க."

அவர் கேட்கவில்லை. எழுதிக்கொள்ளும்படி ஏட்டுக்குக் கை காட்டினார்.

ஜாமீன் கிடைத்தது. தினமும் காலையில் ஸ்டேஷனுக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று நிபந்தனை. வேலை போயிற்று. கடலூரில் இரண்டு மூன்று இடங்களில் கேட்டுப் பார்த்தாள். வழக்கு இருக்கிறதே என்று பாதிப் பேச்சிலேயே அனுப்பிவைத்தார்கள். ஆரோக்கியம்மாளுக்கு ஆஸ்பத்திரியில் காலை எடுத்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது.

ஒரு நாள் ஜேசிபி திரும்ப வந்தது. வயல் சேற்றில் புதைந்து கிடந்த ஒன்றரை அடிக் குழாய்களைச் சங்கிலி கட்டி இழுத்துக் கரையில் வரிசையாகப் போட்டார்கள். அதையேதான் திரும்பப் போடப் போகிறார்கள். தெருவுக்குள் சித்தாள் கேட்டு ஆள் வந்தபோது முத்தம்மாள் முந்தானையைச் செருகிக்கொண்டு கிளம்பினாள். சிந்துஜா வாசலை மறித்து நின்றாள். போகாதே, அந்த ஞானசேகரன் குழாயை நீயே திரும்பப் புதைப்பாயா என்று கத்தினாள். உலையில் என்ன போடுவது என்று மட்டும் முத்தம்மாள் கேட்டாள். சிந்துஜாவால் வாசலில் நிற்க முடியவில்லை. விலகினாள்.

மறுநாள் காலை சிந்துஜா ஸ்டேஷனுக்குக் கிளம்பினாள். இஸ்திரி போட்ட நீலச் சுடிதார். பாதையில் பள்ளம் வெட்டிக் கிடந்தது. உள்ளே குழாய்கள் வைத்தாகிவிட்டன, மண் தள்ளவில்லை. கரையில் மஞ்சள் தலைக்கவசத்தோடு புதிய சூப்பர்வைசர் யாரிடமோ போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். முத்தம்மாள் பள்ளத்தில் குனிந்து, இணைப்பில் கலவை அப்பிக்கொண்டிருந்தாள்.

மகள் வந்து விளிம்பில் நிற்பதைப் பார்த்ததும் அவள் கையைச் சேலையில் துடைத்தாள். துடைத்தும் சிமெண்டு போகவில்லை. குழாயின் மேல் ஏறி ஒரு காலை ஊன்றிக்கொண்டு, உடம்பை வளைத்து, தோளை மகளின் பக்கம் காட்டினாள். சிந்துஜா அந்தத் தோளைப் பற்றிக்கொண்டு, குழாயின் முதுகில் ஒரு அடி வைத்து, அக்கரைக்குத் தாண்டினாள்.