அருவிக்குப் பக்கத்தில் ஒரு கூடாரம்

நூற்பாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதல் எனக்குச் சரியான தூக்கமில்லை. இயந்திரச் சத்தமில்லாத வீடு கொட்டக் கொட்ட விழிக்க வைத்தது. காட்டுப் பூங்காவில் தங்கப் போனபோது, என் மனைவி அருவிக்குப் பக்கத்திலேயே கூடாரம் போடச் சொன்னாள். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது.

"எல்லாரும் அந்தப் பக்கம் அமைதியா இருக்காங்க. இந்த இரைச்சல்ல எவன் தூங்குவான்?"

"சும்மா படுங்க," என்றாள்.

முணுமுணுத்துக்கொண்டே படுத்தேன். விழித்தபோது கூடாரத்துக்குள் வெயில் வந்திருந்தது. வெளியே அவள் காதில் பஞ்சும் சிவந்த கண்களுமாகத் தேநீர் போட்டுக்கொண்டிருந்தாள்.

"நல்லாத் தூங்குனீங்க! இன்னைக்கும் இங்கேயே இருப்போமா?" என்று கத்தினாள்.

நான் கூடாரத்தின் முளைகளைப் பிடுங்கத் தொடங்கினேன். இன்றைக்கு அந்தப் பக்கம், அவள் தூங்கட்டும்.