கிருபாவதியின் வலது கை

கிருபாவதி தும்மினால் முப்பத்துநாலு பிள்ளைகளும் தும்முவார்கள். அவள் தாவணித் தலைப்பால் கழுத்தைத் துடைத்தால், சட்டை போட்டவன் சட்டையாலும் போடாதவன் வெறுங்கையாலும் கழுத்தைத் துடைத்துக்கொள்வான். அறுபத்தெட்டாம் வருஷம் மே மாத வெயிலில், காஞ்சிபுரத்துச் சர்ச்சு வளாகத்தின் வேப்ப மரத்தடியில் நடந்த விடுமுறை வேதாகமப் பள்ளி மொத்தமும் இந்த ஒரு வித்தையில்தான் ஓடியது. அவள் பெஞ்சு மேல் ஏறி நின்று பாடிக்கொண்டே கையைக் காலை ஆட்டுவாள். பிள்ளைகளும் அப்படியே ஆட்டுவார்கள். பாட்டுக்கு அர்த்தம் பாதிப் பேருக்குத் தெரியாது. அதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதும் இல்லை.

அவளுக்குப் பதினாறு வயது. எஸ்.எஸ்.எல்.சி. எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்தாள். அப்பா ஆசீர்வாதம் அந்தச் சபையின் உபதேசியார், தெருத் தெருவாகப் போய் வேதம் சொல்கிறவர். பத்து நாள் பள்ளிக்குப் பிள்ளை சேர்க்கும் வேலையை மகள் தலையில் கட்டியவரும் அவரே. நெசவாளர் தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கினாள். எல்லா வீட்டிலும் தறிச் சத்தத்துக்கு மேல் கத்த வேண்டியிருந்தது. எல்லா வீட்டிலும் ஒரே பயம். பெரியநாயகிதான் அதை உடைத்துக் கேட்டாள். தறியில் உட்கார்ந்திருந்த புருஷன் முருகேசன் காதில் விழாமல், மகன் குமாரவேலை வாசலுக்கு இழுத்து வந்து பேசினாள்.

“பாட்டு கத்துக்கட்டும், கதை கேக்கட்டும், பன்னு துன்னுட்டு வரட்டும். ஆனா அங்க கையத் தூக்கச் சொல்லுவாங்களாமே? தூக்கிட்டா பேர மாத்திடுவாங்களாமே? உன்னிய நம்பித்தான்மா அனுப்புறேன். அவங்கப்பாருக்குத் தெரிஞ்சா இவன் தோல உரிச்சிடுவாரு.”

“அதெல்லாம் ஒண்ணும் ஆவாதுக்கா. நான் இருக்கேன் இல்ல?” என்றாள் கிருபாவதி.

அதே வார்த்தையை மற்ற வீடுகளிலும் சொன்னாள். பிள்ளைகள் வந்தது பாதி பன்னுக்காக, பாதி அந்த வார்த்தைக்காக.

ஒன்பதாம் நாள் மெட்ராஸிலிருந்து ஒரு பிரசங்கியார் வந்தார். நல்ல மனிதர், குரல்தான் கொஞ்சம் அதிகம். கதையை முடித்துவிட்டு, “எல்லாரும் கண்ணை மூடுங்கள். யாருக்கெல்லாம் இயேசு வேண்டும்? கையைத் தூக்குங்கள்” என்றார். கிருபாவதி நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்தக் கேள்விக்குக் கை தூக்கி வந்தவள். யோசிக்கவே இல்லை. கண்ணை மூடிக் கையைத் தூக்கினாள்.

கண்ணைத் திறந்தபோது முப்பத்துநாலு பிள்ளைகளின் கையும் மேலே நின்றது. கண்ணை மூடச் சொன்னால் எந்தப் பிள்ளை மூடும்? அத்தனை பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். குமாரவேல், நெற்றிக் குங்குமம் வியர்வையில் மூக்கு வரை வழிய, இரண்டு கையையும் தூக்கியிருந்தான். “கருட சேவைக்கு ரெண்டு கையும் தூக்குவோமேக்கா, இங்க ஒண்ணு போதுமா?” என்று அப்புறமாக அவளிடம் சந்தேகம் கேட்டான்.

பிரசங்கியார் அழுதே விட்டார். நாளை நிறைவு விழாவுக்குப் பெற்றோர் வருகிறார்கள், அவர்கள் முன்னாலேயே இதே கேள்வியைக் கேட்பேன் என்று அறிவித்தார்.

கிருபாவதி அவரிடமே ஓடினாள். “ஐயா, அதுங்க என்னைப் பாத்துத் தூக்குனதுங்கய்யா. இதுவும் பாட்டுன்னு நெனச்சிக்கினு...”

“பிள்ளைகளின் விசுவாசத்தைச் சந்தேகிக்காதே, மகளே” என்று அவள் தலையில் கை வைத்து ஜெபிக்க ஆரம்பித்துவிட்டார். ஜெபிக்கிறவரோடு எப்படி வாதாடுவது?

பிள்ளைகளிடம் போனாள். “நாளைக்கு நான் கை தூக்குனாலும் நீங்க தூக்கக் கூடாது. தெரிதா? இப்ப பாக்கலாம்” என்று தூக்கிக் காட்டினாள். புது விளையாட்டு கிடைத்த குஷியில் முப்பத்துநாலு பேரும் தூக்கினார்கள். மூன்று முறை செய்து பார்த்தாள். மூன்று முறையும் மரத்தடியில் படுத்திருந்த நாய் ஒன்றுதான் சும்மா இருந்தது.

வீட்டில் அப்பா பாடிக்கொண்டே வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அவர் பாடிக் கேட்டு வெகு காலம் ஆயிற்று. இருபது வருஷமாக இந்த ஊர்த் தெருக்களில் சைக்கிள் மிதித்தவர். ஒரு வீடுகூட அவர் சொன்னதைக் கேட்டு இயேசு பக்கம் திரும்பியதில்லை.

“காய்ச்சல் வர மாதிரி இருக்குதுப்பா. நாளைக்கு நான் வரலை” என்றாள்.

அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். “அதுங்க உன்னைப் பாத்துத்தான் தூக்குச்சிங்கன்னு எனக்கும் தெரியும்மா.”

“அப்ப அவர்கிட்ட சொல்லுங்கப்பா!”

“மனசு வரலை.” கொஞ்ச நேரம் சட்டைக் காலரையே தடவினார். “அதுங்கள விடு. கர்த்தர் வேணுமான்னு கேக்கும்போது, எம் பொண்ணு நீ, கையக் கட்டிக்கினு நிப்பியா?”

தூக்கினால் பெரியநாயகிக்குக் கொடுத்த வாக்கு போச்சு, குமாரவேல் முதுகும் போச்சு. தூக்காவிட்டால் அப்பா போச்சு. அவளும்தான் போச்சு. ஏனென்றால் அவளுக்கு இயேசு நிஜமாகவே வேண்டும். ஆஸ்பத்திரியில் அம்மா செத்துப்போன அன்றைக்கு அவள் பேசியது அவர் ஒருவரோடுதான்.

மறுநாள் சாயங்காலம் பெற்றோர்கள் மதிலோரம் வரிசையாக நின்றார்கள். பெரியநாயகி நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். அவள் பக்கத்தில், தறியை நிறுத்திவிட்டு, முருகேசனும் வந்திருந்தார். மகன் பாடுவதைப் பார்க்க அவருக்கும் ஆசை இருக்காதா? கிருபாவதி கூட்டத்துக்குப் பின்னால் போய் ஒளிந்தாள். “பாட்டு அக்கா எங்கே? முன்னால் வாம்மா” என்று பிரசங்கியார் கூப்பிட்டார். பிள்ளைகளே அவளைப் பிடித்து இழுத்து வந்து பெஞ்சு மேல் ஏற்றினார்கள்.

பாட்டெல்லாம் அமர்க்களமாக முடிந்தது. முருகேசன்கூடக் கை தட்டினார்.

“எல்லாரும் கண்ணை மூடுங்கள். யாருக்கெல்லாம் இயேசு வேண்டும்?”

இந்த முறை கிருபாவதி கண்ணை மூடவில்லை. பிள்ளைகளும் மூடவில்லை. அவளுடைய வலது கை, பழக்க தோஷம், தானாக எழும்பியது. இடது கையால் அதன் மணிக்கட்டைப் பிடித்து வயிற்றோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். முப்பத்துநாலு பிள்ளைகளும் இடது கையால் வலது கையைப் பிடித்து வயிற்றோடு அழுத்திக்கொண்டார்கள்.

பிரசங்கியார் மறுபடி கேட்டார். மூன்றாம் முறை கேட்கும்போது அவர் குரல் உடைந்துவிட்டது. “பிள்ளைகளில் ஒருவர்கூடவா இல்லை?”

அப்பா கண்ணைத் திறந்தார். அந்த இடத்தில் உயர்ந்திருந்தது அவர் கை ஒன்றுதான். பிள்ளைகளைப் பார்த்தார், பிறகு பெஞ்சு மேல் நின்ற மகளைப் பார்த்தார். அவள் பிடித்து வைத்திருந்த கையைப் பார்த்தார். தன் கையை மெதுவாக இறக்கிக்கொண்டார். மதிலோரத்திலிருந்து பெரியநாயகி அவளைப் பார்த்து நன்றியோடு தலையாட்டினாள்.

முதல் வரிசையிலிருந்த குமாரவேல் அவள் தாவணியைப் பிடித்து இழுத்தான். அவனுக்கு எப்போதும் ஊருக்கே கேட்கிற குரல்.

“இன்னாக்கா, உனுக்கு ஏசு சாமி வாணாமா?”

எல்லோருக்கும் கேட்டது. அப்பா அவள் பதிலுக்காகக் காத்திருந்தார்.

கிருபாவதி வாயைத் திறந்தாள். முப்பத்துநாலு பிள்ளைகளும் வாயைத் திறந்தார்கள்.

அவள் மூடிக்கொண்டாள்.