மூன்று வரி மறுப்பு

நோரீன் காஸ்ப்ரிக் காலையிலிருந்து நாலாவது முறையாக வெளியே வந்து, வாசலருகே இருந்த பெட்டிகளில் தன் போன் இருந்ததைத் திறந்தாள். உளவுத்துறை அலுவலகம்; உள்ளே போன் கொண்டுபோக யாருக்கும் அனுமதியில்லை.

"என்ன கண்ணு, மறுபடியுமா? போனுக்குப் பசிக்குதாக்கும்?" என்றாள் காவல் மேசையிலிருந்த மார்வா.

"மணி பாக்க வந்தேன்."

"உள்ள ஒன்பது கடிகாரம் தொங்குதே!"

"அதுல பாதி வேற நாட்டு நேரம், மார்வா."

மணி இரண்டே கால். நாலு மணிக்குள் விண்ணப்பம் மூன்றாம் மாடியிலுள்ள பயிற்சி அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். பெதஸ்டாவில், உளவுத்துறை ஆட்களுக்கென்றே அரசு நடத்தும் கல்லூரி. ஒரு வருட முதுகலைப் படிப்பு. பிரிவுக்கு ஒருவரைத்தான் அனுப்புவார்கள். இரண்டு வருடமாக வாய்ப்பு அவளைத் தாண்டிப் போய்விட்டது. கோடையில் அவள் மாறப்போகும் பிரிவிலிருந்து யாரையும் அனுப்புவதில்லை. இந்த முறை விட்டால் விட்டதுதான்.

எல்லாத் தாளும் தயார். மேலதிகாரி வெண்டல் ஹாஸ்கின்ஸின் பரிந்துரை மட்டும் பாக்கி. முந்தாநாள் அவள் கொடுத்த உறை அவர் மேசையில் கிடக்கிறது.

அவளை உட்காரவிடாமல் அடித்தது அதிலிருந்த கட்டுரை. உங்கள் பணியில் நேர்ந்த ஒரு தவறை எழுதுக என்று கல்லூரி கேட்டிருந்தது. வேறு எதையாவது எழுதியிருக்கலாம். அவள் அந்தத் துறைமுக நகரைப் பற்றி எழுதினாள். ஊர் பெயரோ நாட்டின் பெயரோ இல்லாமல்.

மூன்று வருடத்துக்கு முன், அங்கே மூண்ட கலவரம் இரண்டு வாரத்தில் அடங்கிவிடும் என்று அவள் பிரிவு அறிக்கை தயாரித்தது. அவளுக்கு அப்படித் தோன்றவில்லை. ஒத்துப்போகாதவர்கள் அறிக்கையின் அடியில் மறுப்பு எழுதலாம். அது அங்கே வழக்கம். அவள் மூன்று வரி எழுதினாள். "ஒரே பக்கம், ஒரே குரலாப் போகட்டும்," என்றார் வெண்டல். அவளும் அந்த வரிகளை எடுத்துவிட்டாள். கலவரம் அடங்கவில்லை. அறிக்கையை நம்பியதால் அங்கிருந்த தூதரகத்தை மூடத் தாமதமாயிற்று. அங்கே வேலை பார்த்த உள்ளூர்க்காரர் நாலு பேர் வெளியேற முடியாமல் செத்துப்போனார்கள். அறிக்கையில் யார் பெயரும் இருக்காது. அதனால் யாரையும் யாரும் கேட்கவில்லை. அவளும் வெண்டலும்கூட அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

மூன்று மணிக்கு அவரே கூப்பிட்டார். கட்டுரை அவர் முன்னால் விரிந்து கிடந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி துடைத்தார். வெளியே ஒட்டுக்கேட்கவிடாமல் இரையும் கருவியின் சத்தம் மட்டும் கேட்டது.

"என் பேரை எழுதலை நீ."

"எழுதக்கூடாதே வெண்டல்."

"படிக்கிறவனுக்குத் தெரியும். அந்த வருஷம் இங்க யார் தலைவர்னு தேட எவ்வளவு நேரமாகும்?" அவர் குரல் உயரவில்லை. "நான் சொன்னேன், நீ எடுத்தே. அவ்வளவுதானா நடந்தது?"

"எடுத்தது நான்தான்னும் எழுதியிருக்கேனே."

அவர் கட்டுரையை மடித்து உறைக்குள் வைத்தார். எழுந்து போய்விடலாமா என்று அவளுக்கு இருந்தது. பிறகு உறையை அவள் பக்கம் தள்ளினார்.

"கையெழுத்துப் போட்டாச்சு. உன்னைவிடத் தகுதியான ஆள் இங்க இல்லை; அதையும் எழுதியிருக்கேன். அடியில் என்னோடது மூணு வரி இருக்கு. பாரு."

அவள் பார்த்தாள். பேனாவால், சாய்ந்த எழுத்தில்: "கட்டுரையில் சொல்லப்பட்ட நிகழ்வை நான் வேறு விதமாக நினைவில் வைத்திருக்கிறேன். அன்று கையிலிருந்த தகவலுக்கு அறிக்கை சரியானதே. இந்த இடத்தில் விண்ணப்பதாரருடன் உடன்படவில்லை."

"இதைப் பாத்தா அவங்க யோசிப்பாங்க," என்றாள் நோரீன்.

"யோசிக்கலாம். உன்னைப் பொய்க்காரின்னுகூட நினைக்கலாம்." அவர் இன்னொரு தாளை எடுத்து வைத்தார். அதே பரிந்துரை, அதே கையெழுத்து, அடியில் ஒன்றுமில்லை. "வேணும்னா இதை எடுத்துக்கோ. நான் கோவிச்சுக்கமாட்டேன்."

இரண்டு தாளையும் அவள் எடுத்துக்கொண்டாள்.

மாடிப்படியில் நின்றுவிட்டாள். சுத்தமான தாள் எவ்வளவு அழகாக இருந்தது! வரி எழுதிய தாளை எடுத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. அவரே கொடுத்ததுதானே? அன்றும் இப்படித்தான் ஒரு சாயங்காலம், அவசரம், கேட்டவர் நல்ல மனிதர். மூன்று வரிதானே என்றுதான் அன்றும் நினைத்தாள். இறங்கினாள். பாதியில் நின்றாள். மறுபடி ஏறினாள்.

பயிற்சி அலுவலகத்தில் இருந்தவன் தாள்களைப் புரட்டினான். "என்ன இது, உன் பாஸ் அடியில் ஏதோ கிறுக்கியிருக்காரு? வேற சுத்தமான பிரதி இருந்தா குடேன், நாலாக இன்னும் எட்டு நிமிஷம் இருக்கு."

பையிலிருந்த மற்ற தாளை அவள் விரல் ஒருமுறை தொட்டுப் பார்த்தது.

"அது அப்படியே இருக்கட்டும்," என்றாள். "முத்திரை போடு."