கீல் இல்லாத மடல்

பந்தயம் முடியும்வரை குழுவில் இருப்பவர்கள் அணிக்காரர்களோடு ஒரே வீட்டில் வசிக்கவோ, படகைப் பற்றிப் பேசவோ கூடாது. அந்த விதியை எழுதியவளே அவள்தான். நீருக்கடியில் இறக்கை வைத்து, வேகமெடுத்ததும் தண்ணீருக்கு மேலே எழும்பிப் பறக்கும் பாய்மரப் படகுகளுக்கு விதி வகுக்கும் குழு அது. அவள் கணவரோ, அந்த விதிகளின் சந்துபொந்தெல்லாம் புகுந்து ஓர் அணிக்குப் படகு வரைபவர்.

அலுவலகத்துக்குப் பின்னால் ஓர் அறை பிடித்துக்கொண்டாள். ஒற்றை நாற்காலி, முனகும் ஃபிரிட்ஜ். கல்யாணமான நாளிலிருந்து படகைத் தவிர வேறு பேசத் தெரியாத ஜோடி. அதைப் பேசக் கூடாது என்றானதும் போனில் மிஞ்சியது "சாப்பிட்டியா?" மட்டும்தான்.

அணிகள் அனுப்பும் சந்தேகங்கள், பெயர் நீக்கப்பட்டு அவள் மேசைக்கு வரும். ஒரு நாள் வந்த கேள்வி, 'ஒரு பேச்சுக்கு' என்று ஆரம்பித்தது.

"என்ன மேடம், பொண்டாட்டிகிட்ட கேக்குற மாதிரி கேட்டிருக்கான்?" என்று சிரித்தார் செயலாளர்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. சாப்பாட்டு மேசையில் கரண்டியைப் படகாக நிறுத்திக்கொண்டு கணவர் ஆரம்பிப்பது அப்படித்தான். யாருடைய கேள்வி என்று தெரிந்துவிட்டதை உடனே குழுத் தலைவரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் கேள்விகள் வேறு கைக்குப் போய்விடும். வாயை மூடிக்கொண்டாள். இரண்டு வரியில் முடிக்க வேண்டிய பதில்களைப் பக்கம் பக்கமாக இழுத்தாள். அடுத்தடுத்துக் கேள்விகள் வந்தன.

பிறகு அது வந்தது. ஒரு பேச்சுக்கு, இறக்கையின் பின்னால் ஏறி இறங்கும் மடலுக்குக் கீலே வைக்காமல், மேல்தோலையே வளையவிட்டால் விதி ஒப்புமா? அழகான யோசனை; இடுக்கே இல்லாத இறக்கையில் தண்ணீர் வழுக்கிக்கொண்டு போகும். பெருமையோடு இன்னொரு முறை படித்தாள். எழுதியிருந்த விதியை எந்தப் பக்கமும் புரட்டலாம். ஒப்புக்கொண்டால் அவர் படகை யாராலும் பிடிக்க முடியாது. தன் பேனா எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்ததும் அவளுக்குப் பயம் வந்தது.

தலைவரிடம் போனாள். "இத யார் கேட்டதுன்னு எனக்குத் தெரியும் சார். முன்னாடி வந்ததையெல்லாம் யார் கேட்டதுன்னும் தெரியும்."

அவர் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பழைய பதில்களை வேறொருவர் சரிபார்ப்பார் என்றார். அவளைப் படகு எடைபோடும் கொட்டகைக்கு மாற்றினார். கீல் கட்டாயம் என்று புதியவர் பதில் அனுப்பிவிட்டதாகச் சில நாள் கழித்துக் கேள்விப்பட்டாள்.

அன்று மாலை போன் வந்தது.

"சாப்பிட்டியா?"

"ஆச்சு."

வழக்கமாக அங்கே வைத்துவிடுவார். இன்று வைக்கவில்லை.

"பதிலெல்லாம் இப்ப ரெண்டே வரில வருது," என்றார் மெதுவாக.

ஆக, பதில் எழுதியது அவள்தான் என்று அவருக்கும் தெரிந்தேதான் இருந்திருக்கிறது. என்னென்னவோ சொல்ல வாயெடுத்தாள். அவளே எழுதிய விதி குறுக்கே நின்றது. ஃபிரிட்ஜ் முனகி ஓய்ந்தது.

"நீங்க சாப்பிட்டீங்களா?" என்றாள்.

"இல்ல. கரண்டிய நிறுத்தி வச்சுப் பாத்துட்டிருக்கேன்."